ஈசானிய மூலைக்கு வந்த ஏஜியன் கடல்

ஏஜியன் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. கேட்பவர் யார் என்று முதலில் பார்ப்பேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்றால், கிரேக்க நிலத்துக்குக் கிழக்கே தொடங்கித் தென்கிழக்கு வரைக்கும் என்பேன். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் என் மச்சான் கட்டியிருக்கிற கல்யாண மண்டபத்துக்கு மொய் வைக்க வந்தவர் என்றால், வடகிழக்கே, செருப்பு விடுகிற இடத்துக்கு நேர் எதிரே என்பேன். இரண்டும் சரியான பதில்கள். இரண்டாவது வாஸ்துப்படியும் சரி.

நான் படித்தது பி.ஏ. வரலாறு. எங்கள் சொந்தபந்தத்தில் மோட்டார் படித்தவர்கள் உண்டு, மில் நூல் படித்தவர்கள் உண்டு. வரலாறு படித்தவன் என்றால் மார்க் பத்தாதவன் என்று பொருள். என் விஷயத்தில் அது முழு உண்மை. சொந்தமாக வைத்த ஜெராக்ஸ் கடை படுத்துக்கொண்ட பிறகு, மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அவருடைய பனியன் கம்பெனியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். நாற்காலிக்கு மேஜை வந்தது, மேஜைக்கு மின்விசிறி வந்தது. வேலை மட்டும் வந்து சேரவில்லை. அவர் ஒரு நாள் கோபித்துக்கொண்டு நாற்காலியை எடுத்துவிட்டால் எனக்கு நிற்க இடமில்லை. இதை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி. வயிற்றில் ஏறி மிதித்தாலும் 'ங்க' போட்டுத்தான் மிதிப்பார்கள்.

அந்தக் கம்பெனியின் பெரிய வாடிக்கை, கிரேக்க நாட்டுப் பெண்மணி ஒருவர். அங்கே சிறுபிள்ளைத் துணிக் கடைகள் வரிசையாக வைத்திருக்கிறார். அவரைப் பார்க்க மச்சான் ஒருமுறை ஏதென்ஸ் போய், அங்கே குன்றின் மேல் நிற்கிற பழைய கோயிலையும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் முகத்தில் ஓர் ஒளி.

"மாப்ள, கூரையே இல்லீங்க! வெறுந்தூணு. அதப் பாக்கறதுக்கு டிக்கெட்டு, வரிசை, மண்டையப் பொளக்குற வெயிலு. நாம கூரையோட கட்டி, ஏசியும் போட்டு, எலையும் போட்டா எத்தன பேரு வருவாங்கன்னு நெனச்சுப் பாருங்க."

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கோயிலைப் பார்த்த எவனுக்கும் தோன்றாதது பனியன் கம்பெனிக்காரருக்குத் தோன்றிவிட்டது. மண்டபத்துக்கு அஸ்திவாரம் விழுந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன்; முன்பாதி கிரேக்கம், பின்பாதி குலதெய்வம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரலாறு படித்தவன் என்பதால் தூண் தேர்வு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கிரேக்கத் தூண்கள் மூன்று வகை என்று விளக்கினேன். டோரிக்: மொட்டைத் தலை. அயோனிக்: உச்சியில் இரண்டு பக்கமும் கெடாக்கொம்பு மாதிரி சுருள். கொரிந்தியன்: தலை நிறைய இலைக்கொத்து, பார்ப்பதற்குக் காலிஃபிளவரைக் கவிழ்த்து வைத்தது போல. எது வேண்டும் என்று கேட்டேன். "மூணையும் போடுங்க மாப்ள, எதுக்கு வம்பு" என்றார். வாழைமரம் கட்டுவதற்கு எல்லாத் தூணிலும் இரும்புக் கொக்கி அடிக்கச் சொன்னதும் அவர்தான். கொக்கி இல்லாமல் கோயில் கட்டிய கிரேக்கர்கள் மேல் அவருக்கு உள்ளூர ஓர் இளக்காரம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சான் வீட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "கிரேக்க நாகரிகம்னா என்னுங்க மாப்ள? மண்டபத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் சொல்லுங்க."

வாழ்க்கையில் முதன்முறையாக என் பட்டத்தை ஒருவர் கடன் கேட்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்லும் மலையுமான நாடு, பெரிய ஆறு கிடையாது என்றேன். மலை குறுக்கே குறுக்கே விழுந்து கிடப்பதால் இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவனுக்கு அந்தப் பள்ளத்தாக்கு வேறு நாடு. ஏதென்ஸ் ஒரு நாடு, ஸ்பார்ட்டா ஒரு நாடு, கொரிந்த் ஒரு நாடு.

"நம்ம கொங்குல இருவத்துநாலு நாடுன்னு சொல்றாங்களே, அதாட்டம்?"

"அதேதானுங்க. தானியம் பத்தல. ஆலிவ் மரமும் திராட்சையும் ஆடும் வெச்சுப் பொழச்சாங்க. அதுவும் பத்தாம, கப்பல் கட்டி யாவாரத்துக்குப் போனாங்க."

"காங்கயம், வெள்ளகோவில் பக்கத்து ஆளுகளாட்டம்னு சொல்லுங்க. மழ இல்ல, ஆடு மேச்சாங்க, பொறகு மூட்டையக் கட்டிட்டு ஊரூராப் போனாங்க."

"ஆமாங்க. எந்நேரமும் சண்டதான். நாலு வருசத்துக்கு ஒருக்கா விளையாட்டுப் போட்டி வெப்பாங்க. அப்ப மட்டும் சண்டைக்கு லீவு."

"கோயில் நோம்பி சாட்டிட்டா வரப்புத் தகராறப் பேசக் கூடாதுன்னு இருக்குதில்ல, அந்தக் கணக்கு. செரி, இந்த ஜனநாயகம்?"

"எல்லாரும் ஒண்ணாக் கூடிப் பேசி முடிவு பண்றதுங்க. எல்லாரும்னா ஆம்பளைங்க மட்டும். அதுலயும் அடிமை பேச முடியாது, வெளியூர்க்காரன் பேச முடியாது."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அது நம்ம வீட்லயும் நடக்குதுங்ணா. அதுக்குப் போயி எதுக்குக் கப்பலேறோணும்?"

மச்சான் சிரித்துவிட்டு, கை கழுவாமலே தீர்ப்புச் சொன்னார். "மாப்ள, அந்த நாட்டையே வாசல்ல கொண்டாந்து வெச்சுப்போடலாம். மலையெல்லாம் சிமெண்டுல, கடலுக்கு நெசத் தண்ணி, அடியில நீல டைல்ஸு. ஆளுக சுத்தி நின்னு போட்டோ எடுப்பாங்க. படம் நீங்க போட்டுக் குடுங்க."

போட்டேன். வடமேற்கில் பிண்டஸ் மலைத்தொடர், வடக்கே ஒலிம்பஸ், நடுவே ஏதென்ஸ், அதற்குத் தென்மேற்கே ஸ்பார்ட்டா, கிழக்கிலிருந்து தென்கிழக்கு வரை தீவுகள் தெளித்த ஏஜியன் கடல், அடியில் கிரீட், மேல்மூலையில் கடலைத் தாண்டி ட்ராய். ஜெராக்ஸ் கடை வைத்த நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. ஆணவத்தில் அடியில் கையெழுத்தும் போட்டேன். அதுதான் பிற்பாடு கழுத்துக்கு வந்தது.

வாஸ்து நிபுணர் வந்தார். அரசாங்க வேலையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவருக்குத் திசைகள் தெரிந்ததாகத் தகவல் இல்லை. ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்திருக்கின்றன. வெள்ளிச் செப்பில் திசைகாட்டி வைத்திருப்பார். அதை என் படத்தின் மேல் வைத்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"ஏனுங்க, தெக்கால என்னுங்க பூராத் தண்ணி?"

"மத்தியதரைக் கடலுங்க."

"எந்தக் கடலா இருந்தாலும் தெக்க ஆகாதுங்க. வடக்க என்னுங்க இவ்வளவு பாரம்?"

"ஒலிம்பஸ் மலைங்க. அவுங்க சாமிக குடியிருந்த மலை."

"சாமி குடியிருந்தாலும் பாரம் பாரந்தானுங்க. வடக்க பாரம் ஏத்துனா வரவு நின்னுபோகும். இந்த நாடு கடைசீல என்னுங்க ஆச்சு?"

சொன்னேன். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டு ஓய்ந்தன. வடக்கிலிருந்து மாசிடோனியா ராஜா வந்து அமுக்கினார். அப்புறம் மேற்கிலிருந்து ரோமாபுரிக்காரன் வந்து மொத்தமாக வாரிக்கொண்டு போனான்.

"பாத்தீங்களா?" என்று அவர் என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார். "வடக்க பாரம், தெக்க பள்ளம். அந்த வூட்ல அண்ணந்தம்பி ஒத்துமை எப்படிங்க நிக்கும்?"

ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் கண்டுபிடிக்க நான் கல்லூரியில் மூன்று வருஷம் கொட்டாவி விட்டேன். இவருக்கு ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. வடகிழக்கு மூலையில் விரலை வைத்தார்.

"இது?"

"ட்ராய். சண்டையில எரிஞ்சு போன ஊருங்க."

"ஈசானிய மூலைல நெருப்புங்களா! அட கடவுளே. தண்ணி இருக்க வேண்டிய எடமுங்க அது."

பிறகு அவர் செய்ததை என் கண்ணால் பார்த்தேன். படத்தை மேலிருந்து கீழாகப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வடக்கும் தெற்கும் இடம் மாறிக்கொண்டன. ஏஜியன் கடல் ஈசானிய மூலைக்கு ஏறியது. பிண்டஸ் மலை தென்மேற்கே கன்னி மூலைக்கு இறங்கியது. எரிந்த ட்ராய் தென்கிழக்கே அக்னி மூலையில் போய் அம்சமாக உட்கார்ந்தது.

"இப்பப் பாருங்க," என்றார். "இப்படிக் கட்டியிருந்தா இன்னிக்கும் அவுங்க ராஜ்ஜியந்தான்."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, உங்களுக்குச் சம்மதமுங்களா?"

அந்த இடத்தில் 'தப்பு' என்று ஒரு சொல் போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பெரியவர் முகத்துக்கு நேரே யாரும் எடுப்பதில்லை. வேண்டாத சம்பந்தத்தைக்கூட 'பாத்துச் சொல்றமுங்க' என்று சொல்லிக் கொல்லுவோமே தவிர, 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டோம். போதாக்குறைக்கு, எனக்கு என் நாற்காலியின் நான்கு கால்களும் கண்ணுக்குத் தெரிந்தன.

"அதுவும் சரிதானுங்க," என்றேன்.

கட்டினார்கள். ஸ்பார்ட்டா ஏதென்ஸுக்கு வடக்கே போனது. கிரீட் தீவு உச்சிக்கு ஏறி வாட்ச்மேன் அறையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மேற்கே தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று வாஸ்துக்காரர் சொன்னதால், அயோனியன் கடலை மண் கொட்டி மூடிப் புல் பதித்துவிட்டார்கள். கிரேக்கர்கள் இனி இத்தாலிக்கு நடந்தே போகலாம். மாடு ஓட்டிக்கொண்டும் போகலாம்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, திறப்பு விழாவுக்கு நான்கைந்து நாள் முன்பு மச்சான் வந்து சொல்லும்வரை: "மாப்ள, ஒரு சந்தோச சமாச்சாரம். ரிப்பன் வெட்ட அந்தம்மாவே வாறாங்க, ஏதென்ஸ்ல இருந்து."

அந்தம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருப்பார். ஒருமுறை குழந்தைச் சட்டைகளில் நங்கூரம் அச்சடிக்கச் சொல்லியிருந்தார். அச்சுத் திரை திரும்பிவிட்டதில் நங்கூரம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி விழுந்தது. நங்கூரத்துக்கு இடம் என்ன, வலம் என்ன என்று நாங்கள் எல்லோரும் ஏகமனதாக நினைத்தோம். அவர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினார். ஒரு நங்கூரம் திரும்பியதற்கே அப்படி என்றால், இங்கே அவருடைய நாடே திரும்பிக் கிடக்கிறது, படத்தின் அடியில் என் கையெழுத்தோடு. அவர் ஆர்டர் போனால் கம்பெனி படுக்கும். கம்பெனி படுப்பதற்கு முன்னால் என் நாற்காலி படுக்கும்.

எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. "ஏனுங்க, ஆனிக் காத்து இந்த அடி அடிக்குது, உங்களுக்கு மட்டும் எங்கிருந்துங்க வேர்க்குது?" என்று மனைவி துண்டைக் கொடுத்தாள். சொன்னேன். அவள் இரக்கமே காட்டவில்லை. "எங்கண்ணங்கிட்டப் போயி உள்ளத உள்ளபடி சொல்லுங்க. கடிச்சா தின்னுபோடுவாரு?"

போனேன். மச்சான் அழைப்பிதழ் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "சொல்லுங்க மாப்ள." நான் வாயைத் திறந்தேன். "அன்னைக்குச் சந்தகை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றேன். "சந்தோசமுங்க," என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பாரசீகப் படை வந்தபோது மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் நின்று உயிரை விட்ட ஸ்பார்ட்டாக்காரர்களைப் பற்றி நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன். அதில் நல்ல மார்க்கும் வாங்கியவன்.

விழா அன்று காலை, கிரேக்கத்தை மூழ்கடிப்பது என்று முடிவு செய்தேன். நிலம் தெரிந்தால்தானே திசை தெரியும்? யாரும் பார்க்காதபோது வாசல் குளத்துக்குத் தண்ணீர் விடுகிற வால்வைத் திறந்துவிட்டேன். கிரீட் போனது, ஸ்பார்ட்டா போனது, ஏதென்ஸுக்குக் கழுத்தளவு. அந்த நேரத்தில் மேஸ்திரி ஓடி வந்தார். "ஏனுங் சார், பந்தலுக்குள்ள தண்ணி போகுதுங்க! தாலி கட்டுற எடம் வரைக்கும் போயிருச்சு!" அடைத்தார், வடித்தார். நாகரிகம் மறுபடி தலை தூக்கியது.

மிச்சம் இருந்தது பூ. அலங்காரக்காரரைக் கூப்பிட்டு, வாசலில் உருளியில் பூ மிதக்கவிடுவது போலக் குளம் முழுவதும் செவ்வந்தி இதழைக் கொட்டச் சொன்னேன். "அந்த மலைக மேலயுமா சார்?" "மலை மேலதாங்க முக்கியம்." கொட்டினார். மஞ்சள் கம்பளம் விரித்தது போல இருந்தது. எந்த நாடு என்று தெய்வத்துக்கே தெரியாது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, உங்க மூளையே மூளைங்க" என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரே தடவை. அதற்கு ஆயுள் ஒரு மணி நேரம்கூட இல்லை.

கிரேக்கப் புவியியலை அவ்வளவு யோசித்த நான் கிணத்துக்கடவின் புவியியலை மறந்துபோனேன். பாலக்காட்டுக் கணவாய்க்கு வாய் இந்தப் பக்கம்தான் திறந்திருக்கிறது. ஆனி மாதத்தில் மேற்கிலிருந்து வருகிற காற்று தென்னை மட்டையையே தூக்கிக்கொண்டு போகும். பெண்மணியின் கார் வாசலில் நுழைந்தது, நாதஸ்வரம் எழுந்தது, காற்றும் எழுந்தது. செவ்வந்தி மொத்தமும் கிளம்பிக் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கியது. கிரேக்கம் தலைகீழாக, துடைத்து வைத்தது போலப் பளிச்சென்று கிடந்தது. கொஞ்சம் இதழ் மச்சானின் மீசையில்.

அந்தம்மா ரிப்பன் பக்கம் போகவில்லை. நேராகக் குளத்துக்கு வந்தார். நின்றார். குளத்தைச் சுற்றி முழுதாக ஒரு வலம் வந்தார். கைப்பையில் கை விட்டார். அளவு நாடாவைத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கண்ணாடிப் பிம்பம்," என்றார் ஆங்கிலத்தில். "மறுபடியும்."

மச்சானுக்கு மற்ற ஆங்கிலம் எப்படியோ, அந்தச் சொல் நங்கூரக் காலத்திலிருந்து நன்றாகத் தெரியும். முகம் வெளுத்துவிட்டது. "மாப்ள," என்றார் மெதுவாக, மரியாதை குறையாமல், "இது யாருங்க போட்ட படம்?"

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள்; பயம் அளவுக்கு மீறினால் அதுவும் சத்தமாகத்தான் வெளியே வரும். "படம் சரிங்க! கட்டுனதுதானுங்க தப்பு! கடல் தப்பு, மலை தப்பு, ஸ்பார்ட்டா தப்பு, எல்லாமே தப்புங்க!" என்று கத்தினேன். நாதஸ்வரம் நின்றது. வந்திருந்த சொந்தமெல்லாம் என்னைப் பார்த்தது. பெரியப்பா முறை உள்ள ஒருவர், "ஏனப்பா, நல்ல நாளும் அதுவுமா இப்படியா பேசறது?" என்றார்.

அந்தம்மா என்னைக் கவனிக்கவே இல்லை. வாஸ்துக்காரர் அதற்குள் அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். வெள்ளிச் செப்பைத் திறந்து, பாலம் கட்டிய காலத்து ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வடகிழக்கு, பாரம் தென்மேற்கு, உங்கள் நாட்டில் எல்லாம் மாறி இருக்கிறது, அதனால் சண்டை, அதனால் கஷ்டம். அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய கைப்பையில் நீலக் கண்ணாடிக் கண் ஒன்று தொங்கியதை வாஸ்துக்காரர் அப்போது பார்த்தார்.

"திருஷ்டிக்குங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மண்டப வாசலில் தொங்கிய, பல்லும் மீசையும் வரைந்த பூசணிக்காயைக் கை நீட்டிக் காட்டினார். அந்தம்மா பூசணியைப் பார்த்தார், தன் நீலக் கண்ணைத் தொட்டுக்கொண்டார், தலையாட்டினார். இவரும் தலையாட்டினார். இரண்டு பெரிய நாகரிகங்கள் என் கண்முன்னால் சந்தித்துக் கைகுலுக்கின. வடிவியல், தத்துவம், ஜனநாயகம் எல்லாம் செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தன.

"அவர் சொல்வது சரியல்ல," என்று நான் கடைசி முயற்சியாக அந்தம்மாவிடம் சொன்னேன். "நாங்கள்தான் உங்கள் நாட்டைத் தவறாகக் கட்டிவிட்டோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரியாக இருக்கிற நாட்டில் நாங்கள் என்ன வாழ்ந்துவிட்டோம்?" என்றார். வாஸ்துக்காரர் பக்கம் திரும்பி, கைபேசியில் தன் கிடங்கின் வரைபடத்தைக் காட்டினார். வாசல் தெற்குப் பக்கமாம். எந்த வேலையாளும் நிலைத்து நிற்பதில்லையாம்.

ஆர்டர் போகவில்லை, கூடியது. நாற்காலியும் போகவில்லை, இடம் மாறியது. மச்சான் என்னை மண்டபத்துக்கே மேனேஜராக்கிவிட்டார். வருகிறவர்களுக்குக் குளத்தைச் சுற்றிக் காட்டி விளக்குவதும் என் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து, ஸ்பார்ட்டா ஏதென்ஸுக்கு வடக்கே என்று குறித்துக்கொண்டு போகிறார்கள். இவர்களில் ஒருவன் நாளைக்கு வரலாறு படிக்க நேர்ந்தால் என்னை விட மோசமாகிவிட மாட்டான் என்பது ஒரு நிம்மதி.

வாஸ்துக்காரர் ஏதென்ஸுக்குப் போனார். விமான டிக்கெட் அந்தம்மா செலவு. போய் இறங்கிய மறுநாள் எனக்கு வீடியோ கால் வந்தது. கிடங்கின் மொட்டை மாடியில் நின்றிருந்தார். குல்லாய் போட்டிருந்தார், கையில் வெள்ளிச் செப்பு. அவர் தலைக்குப் பின்னால் வெயிலில் பளபளத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் கடல்.

"ஏனுங் சார்," என்றார், குரலில் உண்மையான வருத்தம். "இங்க நெசமாலுமே கடல் தெக்காலதானுங்க கெடக்குது!"

"ஆமாங்க."

"இதை எடுத்து அந்தப் பக்கம் வெக்க முடியாதுங்களே. நீங்க படிச்சவுங்க. முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே?"

மத்தியதரைக் கடல் என்று நான் சொன்னதும், அவர் மோரை உறிஞ்சிக்கொண்டே 'எந்தக் கடலா இருந்தாலும்' என்றதும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"அதுவும் சரிதானுங்க," என்றேன்.